இரண்டு நூல் பவளம்

ஹீட்டர்காரர் பகலெல்லாம் சுண்ணாம்பை ஒழிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதையே ஊட்டி வளர்ப்பார். இதில் முரண் இருப்பதாக மற்றவர்களுக்குத்தான் தோன்றியது. "பல் டாக்டர் மிட்டாய் தின்னக் கூடாதுன்னு சட்டமா?" என்பது அவருடைய பதில்.

இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு இதே பிழைப்பு. குளியலறைச் சுவரில் தொங்கும் ஹீட்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை வெளியே இழுத்தால், முட்டை ஓட்டுக்குள் அகப்பட்டது மாதிரி வெள்ளையாக உப்பிப்போயிருக்கும். பக்கெட்டில் ஆசிட் கலந்து முக்குவார். புஸ்ஸென்று நுரை பொங்கும். அரை மணி நேரத்தில் கம்பி கல்யாணப் பெண் போலப் பளபளத்து வெளியே வரும். போகிறபோக்கில் அந்த வீட்டில் ஒழுகும் குழாய் எதுவாக இருந்தாலும் அதையும் இறுக்கிவிட்டுத்தான் வருவார். யாரும் கேட்கவேண்டியதில்லை, காசும் வாங்கமாட்டார். சொட்டுச் சத்தம் கேட்கும் வீட்டில் அவருக்குக் காபி தொண்டையில் இறங்காது. விருந்துக்குப் போன இடத்தில் கை கழுவப்போய், வரிசையாக ஆறு குழாய்களைச் சரிசெய்துவிட்டு, இலை ஆறிப்போனபின் திரும்பி வந்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் தலையில் ஒரு வாடிக்கையாளர் கடல்நீர்த் தொட்டியைக் கட்டிவிட்டார். "வீடு காலி பண்றேன். தூக்கிட்டுப் போங்க, இல்லன்னா சாக்கடையில கொட்டிடுவேன்." தொட்டிக்குள் இரண்டு ஆரஞ்சு மீன், கொஞ்சம் பாறை, அந்தப் பாறையின் உச்சியில் மான்கொம்பு போலக் கிளைவிட்ட ஊதாப் பவளம் ஒன்று. கொட்டிவிடுவேன் என்று சொன்னதைக் கேட்டு மனம் கேட்காமல் வாங்கி வந்தார். கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அங்கேதான் சிக்கல். அந்த இடம் ஏற்கெனவே பேசி முடித்த இடம். அவர் மனைவி தையல்காரி. உள்ளறை இருட்டில் ஊசி கோத்துக் கோத்துக் கண் போய்விட்டது, மெஷினை ஜன்னலோரம் கொண்டுவரவேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் ஒரு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தலையாட்டின இடத்தில் தொட்டி வந்து உட்கார்ந்தது.

"இது உயிரா, கல்லா?" என்றாள் பவளத்தைப் பார்த்து.

"உயிருதான். பூச்சி மாதிரி குட்டிக் குட்டியா ஆயிரம் உயிரு சேந்து கட்டின வீடு."

"ஆயிரம் பேருக்கு எடம் இருக்கு. எனக்குத்தான் இல்ல."

ஆறு மாதத்தில் கிளை நுனிகள் மங்கத் தொடங்கின. வளர்ச்சி நின்றது. ஹீட்டர்காரர் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனார். கடைக்காரர் அதில் ஏதோ சொட்டுமருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சுண்ணாம்புச் சத்து தீந்துபோச்சுண்ணே. பவளம் எலும்பு கட்டணும்னா கால்சியம் வேணும். நீங்க போடப் போட அது தின்னுக்கிட்டே இருக்கும். கால்சியம் ரியாக்டர் மாட்டுங்க, தானா ஊட்டிக்கும்."

ஹீட்டர்காரர் அங்கிருந்த ரியாக்டரின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததை மறைக்க, கடையிலிருந்த மீன்களை ஒவ்வொன்றாக மரியாதையுடன் பார்த்தார். அப்புறம், "உள்ள என்ன இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்ல. ஒரு குடுவை. அதுக்குள்ள செத்த பவளச் சரளை. கொஞ்சம் கொஞ்சமா கரியமில வாயுவ விட்டா தண்ணி புளிச்சு, சரளையக் கரைக்கும். கரைஞ்ச தண்ணி சொட்டுச் சொட்டா தொட்டிக்குப் போகும்."

ஹீட்டர்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புளித்த தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைப்பதா? அவர் பிறந்ததே அதற்காகத்தானே!

"அப்ப நான் ஹீட்டர்ல சுரண்டுற சுண்ணாம்பையே போடலாமே, மூட்டை மூட்டையா கெடக்குது."

"போட்ருங்க. அதுல இருக்கிற தாமிரத்துல சாயங்காலமே பவளம் செத்துரும். உங்களுக்கும் செலவு மிச்சம்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். வாயில் ஊசியோடு அவள் பேசினால் சாதாரணப் பேச்சு. எடுத்துவிட்டுப் பேசினால் தீர்ப்பு.

"மூணு மாசம். அதுக்குள்ள ரெண்டு நூலாவது வளரணும். வளரலன்னா தொட்டி கடைக்குப் போகுது, மெஷின் ஜன்னலுக்கு வருது."

நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. குழாய்க்காரர்களும் தையல்காரர்களும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் சொல் அது. அந்தக் கல்யாணம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவள் கையைத் தொட்டிக்குள் விட்டு, பாறை விளிம்பிலிருந்து உச்சி நுனிவரை ஒரு வெள்ளை நூலை நீட்டிப் பிடித்து, அந்த அளவுக்கே வெட்டி ஊசிப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினாள். ஆதாரம் கைக்கு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் ரியாக்டர் பிறந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கழற்றிப்போட்ட தண்ணீர் வடிகட்டியின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடுதான் குடுவை. வேலையில்லாமல் கிடந்த ஏர்கூலரின் குட்டி மோட்டார் தண்ணீரைச் சுற்றிவிடும். சொட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்த, மருந்துக்கடையில் வாங்கிய குளுக்கோஸ் ஏற்றும் குழாய். அதன் சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டினால் சொட்டு கூடும், குறையும், நிற்கும்.

"மீனுக்குக் காய்ச்சலா?" என்றாள் மனைவி குழாயைப் பார்த்து.

வாயுவுக்கு மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி, தீயணைப்பான் சிலிண்டர் நிரப்பும் கடையில் வேலை. சின்ன சிலிண்டர் ஒன்றைத் தோளில் தூக்கி வந்து இறக்கினான்.

"மாமா, நெருப்ப அணைக்கத்தான் இத நாங்க விக்கிறோம். நீங்க இத வச்சுப் பயிர் வளக்குறீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, கடைக்கு அசிங்கம்."

"ரெகுலேட்டர் பழசு ஒண்ணு கெடந்தா குடு மாப்ள."

"எத வேணா குப்பையிலருந்து எடுங்க, ரெகுலேட்டர மட்டும் புதுசா வாங்குங்க. வெடிச்சா எங்க அக்கா என்னையத்தான் கேப்பா. உங்களக் கேக்க நீங்க இருக்கமாட்டீங்க."

நியாயம் என்று பட்டது. ரெகுலேட்டர் ஒன்றுதான் புதுசு. அது அந்தக் கூட்டத்தில் மாப்பிள்ளைச் சட்டை போட்டு வந்தவன் போலத் தனியாக மின்னிக்கொண்டு நின்றது.

கூடத்திலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில், தொட்டியை ஒட்டி ஒரு ஸ்டூலின் மேல் எல்லாம் நிலைகொண்டது. மூன்று நொடிக்கு ஒரு குமிழி. நொடிக்கு ஒரு சொட்டு. தொட்டித் தண்ணீரில் டொக், டொக் என்று விழுந்தது. காலையில் காபி டம்ளரோடு நின்று சொட்டுகளை எண்ணிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

நான்காம் நாள் காலை சொட்டு நின்றிருந்தது. சக்கரம் இறுக மூடியிருந்தது. திறந்துவிட்டுப் போனார். மறுநாள் காலையும் மூடியிருந்தது. அதற்கு மறுநாளும். இரவெல்லாம் வெளியேற வழியில்லாமல் குடுவைத் தண்ணீர் மேலும் மேலும் புளித்து, அடியில் கிடந்த சரளை கூழாகிக்கொண்டிருந்தது. சக்கரம் சரியில்லை என்று புதுக் குழாய் வாங்கினார். அதுவும் தினம் மூடிக்கொண்டது. சாயங்காலங்களில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. குளித்துவிட்டு வந்து, வீடு நிசப்தமாக இருக்க, நாற்காலியில் சாய்ந்து மீன்களைப் பார்த்துக்கொண்டு அவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

ஒரு மாதம் முடிந்தது. மனைவி ஊசிப்பெட்டியைத் திறந்து நூலை எடுத்து அளந்தாள். நூல் இருந்த அளவிலேயே பவளமும் இருந்தது.

இனி பொறுக்க முடியாது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். மீன்களுக்குக் கட்டைவிரல் கிடையாது. யாருக்கு ஜன்னல் வேண்டும் என்பதும் ஊரறிந்தது. ஹீட்டர்காரர் இதைச் சுற்றிவளைத்துச் சொல்லத்தான் நினைத்தார்.

"ராத்திரியில யாரோ அதை மூடுறாங்க."

"யாரோன்னா?"

"பேரு சொல்லல."

"சொல்லுங்களேன். வீட்ல எத்தன பொம்பளைங்க இருக்காங்க, எனக்கும் தெரியணும்." அவள் ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். "ஜன்னல் வேணும்னா நேரா நின்னு கேப்பேன். ஒரு வாயில்லாப் பூச்சியப் பட்டினி போட்டுத்தான் வாங்கணும்னு எனக்கு எழுதியிருக்கா?"

அதோடு பேச்சு நின்றது. மறுநாள் அவள் மெஷினைத் தரதரவென்று இழுத்து, உள்ளறை வாசலில் ஸ்டூலைப் பார்த்தபடி போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு பாவாடை, இரண்டு சட்டை, ஒரு தலையணை உறை தைத்து முடித்தாள். கண் சொட்டை விட்டு அகலவில்லை. சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

ஆறு மணிக்கு ஹீட்டர்காரர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கருவிப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே குளியலறைப் பக்கம் நடந்தார். நடக்கும்போதே, "இன்னிக்கு ஒரு வீட்ல ஹீட்டர் உள்ள பாத்தேன், சுண்ணாம்பே ஒரு கிலோ தேறும்" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். பேச்சு நின்றிருந்ததால் காற்றுதான் கேட்கவேண்டியிருந்தது. ஸ்டூலைக் கடக்கையில் வலது கை தானாக நீண்டது. கட்டைவிரல் சக்கரத்தை ஒரு உருட்டு உருட்டியது. டொக் சத்தம் நின்றது. அவர் போய்க்கொண்டே இருந்தார்.

"நில்லுங்க," என்றாள் மனைவி.

நின்றார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. ஒரு கிலோ தேறும்னு சொன்னேன்."

"கை என்ன பண்ணுச்சு?"

அவர் கையைப் பார்த்தார். கட்டைவிரலில் ஈரம். திரும்பி ஸ்டூலைப் பார்த்தார். மறுபடி கட்டைவிரலைப் பார்த்தார், யாரோ இரவல் வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தந்த சாமான் போல.

"இது... நானில்ல."

"வேற யாரு, பக்கத்து வீட்டுக்காரரா? ஊர்ல இருக்கிற குழாயெல்லாம் மூடுன கை. இத மட்டும் விட்டு வைக்குமா?"

முதலில் சிரித்தது அவள்தான். தலையணை உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ஒரு மாதமாகத் திருடனைத் தேடியவர், தோளில் பையோடு நின்றபடியே சிரித்தார். அதுவே மன்னிப்பு என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள்.

செய்தி கேட்டு மச்சினன் போனில் ஒரு வழி சொன்னான். "தீயணைப்பானுக்குப் போடுற லாக் பின்ன அந்தச் சக்கரத்துக்குப் போட்டுரலாம் மாமா. சீலும் வைக்கலாம்."

"லாக் பின்னயும் புடுங்கிட்டு மூடுவாரு," என்றாள் அக்கா. "கண்ணால பாத்து மூடலடா இவரு. காதால மூடுறாரு."

அவள் பெட்டியிலிருந்து சாயமில்லாத நைலான் நூலை ஒரு சாண் வெட்டினாள். ஒரு முனையைக் குழாயின் வாயில் முடிச்சிட்டாள். மறுமுனை தொட்டித் தண்ணீருக்குள் தொங்கியது. சொட்டு இப்போது குதிக்கவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கித் தண்ணீரோடு கலந்தது. சத்தமே இல்லை. சாயங்காலம் ஹீட்டர்காரர் பையோடு அந்த வழியாகப் போனார். கை அசையவில்லை. திரும்பிவந்து இன்னொரு தடவை கடந்து பார்த்தார். அப்போதும் அசையவில்லை. நாய் பழகிவிட்டது என்று மனைவி சொன்னாள், கையைத்தான் சொன்னாள்.

கூழான சரளையைக் கொட்டிவிட்டுப் புதுச் சரளை போட்டார். மூன்று வாரத்தில் கிளை நுனிகள் வெளுத்தன. ஹீட்டர்காரர் உடனே வண்ணமீன் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் போனிலேயே சிரித்தார்: "அது சாவுற வெள்ளை இல்லண்ணே, வளர்ற வெள்ளை. நகத்து அடியில பிறை இருக்குதுல்ல, அது மாதிரி."

ஆனால் பழக்கத்தை ஒரு பக்கம் அடைத்ததும் அது இன்னொரு பக்கம் கிளம்பியது. ஒரு வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுவதைக் கண்டு, மூடாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். வீட்டுக்காரம்மா பொறுத்துப் பார்த்தார்.

"என்னங்க, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?"

"நிமிஷத்துக்கு அம்பத்தெட்டும்மா. ரொம்ப நல்லா இருக்கு. இப்படியே விட்டுரலாமா?"

மூன்றாவது மாதம் முடிந்த அன்று மச்சினனும் சாட்சிக்கு வந்துவிட்டான். மனைவி முழங்கைவரை கையைத் துடைத்துக்கொண்டு பழைய நூலைத் தொட்டிக்குள் விட்டாள். நூல் முடிந்த இடத்துக்கு மேலே பவளம் நீண்டிருந்தது. மிச்சத்தை இரண்டு விரல் நகங்களுக்கு நடுவே பிடித்து, அப்படியே கையை வெளியே எடுத்து இஞ்ச் டேப்பில் வைத்தாள். மூன்று தலைகள் குனிந்தன. டேப் ஒளிவுமறைவில்லாமல் ஒன்றரை நூல் காட்டியது.

மச்சினன் மேலே பார்த்தான். ஹீட்டர்காரர் ஜன்னலைப் பார்த்தார். நல்ல வெளிச்சம்தான், ஊசி கோக்கலாம். ஒப்பந்தம் ஒப்பந்தம். ஒரு மாதத்தைத் தின்றது தன் கட்டைவிரல்தான் என்று சொல்லி இன்னொரு மாதம் தவணை கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"மெஷின ஒரு பக்கம் பிடி மாப்ள," என்றார்.

"எதுக்கு?" என்றாள் மனைவி. டேப்பைச் சுருட்டி வாயில் ஊசியை மறுபடி கவ்விக்கொண்டாள். "ரெண்டு நூல் சரியா இருக்கு."

"ஒண்ணரைதானேக்கா காட்டுச்சு?"

"உனக்கென்னடா தெரியும்? தையலுக்குள்ள மடிக்க அரை நூல் விடணும். எந்தத் துணிக்கும் அதான் கணக்கு." பிறகு தொட்டியை இடுப்பால் லேசாக இடித்துப் பார்த்தாள். "மெஷினும் இங்கதான் வருது. இது அந்தப் பக்கம் நாலு விரக்கடை நகந்துக்கட்டும். ஆயிரம் பேரு இருக்காங்க, தள்ளி உக்காரச் சொல்லுங்க."