நிற்காத பெடல்

செத்துப்போன என் அண்ணன் சைக்கிள் மிதிக்கிறார் என்று நான் நம்பினேன். சுங்கைப் பட்டாணியில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில், பட்டப்பகலில், ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம்பினேன்.

எண்பதுகளின் பிற்பாதி அது. அண்ணன் மாரடைப்பில் போய், முப்பதாம் நாள் பூசையும் முடிந்திருந்தது. என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், "ஒங்க அண்ணன் மாதிரியேதான் இருக்கு. ஒடம்பக் கொறைங்க," என்றார். எனக்கு அண்ணன் ஜாடை என்று ஊரே சொல்லும். நெஞ்சுக்குள்ளும் அதே ஜாடை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஏப்பம் வந்தால்கூட நல்ல பனியனாகப் பார்த்து மாற்றிக்கொண்டுதான் படுப்பேன். கிழிசலோடு போக மனமில்லை.

அண்ணிதான் என்னை மண்டபத்துக்கு இழுத்துப் போனார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி ஒருவர், சனிக்கிழமைகளில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சிச் சைக்கிள்களை வட்டமாகப் போட்டு, கேசட்டில் பாட்டு வைத்து, எல்லாரையும் ஒன்றாக மிதிக்க வைப்பார்.

"சன்னல் ஓரமா இருக்கே, அதுல ஏறுங்க தம்பி. ஒங்க அண்ணன் ஒரு சனிக்கெழம தவறாம வந்து மிதிச்சாரு," என்றார் அண்ணி.

தவறாமல் மிதித்தவரே போய்விட்டார் என்றால் நான் எந்த மூலைக்கு? ஏறினேன். சீட்டு என்னை அளவெடுத்து வைத்ததுபோல் பொருந்தியது. அண்ணனும் என் உயரம்தான். தைல வாடை வேறு அடித்தது. அண்ணன் தைலம் தடவாமல் தூங்கமாட்டார்.

பாட்டு வேகமெடுத்தது. மூச்சு முட்டியபோது கால் பழைய பழக்கத்துக்குப் போனது. பீடோங்குக்கு இறங்கும் தோட்டச் சாலையில் அண்ணன்தான் எனக்குச் சைக்கிள் பழக்கினார். "எறக்கத்துல மிதிக்காதடா. கால சும்மா வையி, அதுவாப் போவும்," என்பார்.

சும்மா வைத்தேன். பெடல் கீழிருந்து என் பாதத்தைத் தூக்கி, முழங்காலை வயிற்றில் இடித்து, மறுபடி கீழே இழுத்துப் போனது. நான் மிதிக்கவில்லை. யாரோ மிதித்தார்கள்.

"அண்ணே, விட்டுருங்க. நான் வரல," என்று அலறிக் குதித்தேன். பெடல் கணுக்காலில் ஓர் அறை விட்டு வழியனுப்பியது.

முட்டியில் தைலம் பூசியிருந்த பக்கத்துச் சைக்கிள் அக்கா மிதிப்பதை நிறுத்தாமலே, "ஒங்கள யாரு எங்க கூப்ட்டா?" என்றார். அண்ணி ஐஸ் வாங்க ஓடினார்.

மிஸ்ஸி குனிந்து காலைப் பார்த்தார். "இது ரோட்டு சைக்கிள் இல்ல தம்பி. இந்த இரும்புச் சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். கொஞ்சங்கொஞ்சமாத்தான் நிறுத்தணும். ஒங்க அண்ணனும் இப்படித்தான் குதிச்சாரு."

"எப்ப?"

மிஸ்ஸி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மொத நாளு. அதோட சரி லா. அப்புறம் சனிக்கெழமையானா எதுத்த கோப்பிக்கடையில உக்காந்திருப்பாரு. என்னையப் பாத்தா பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறச்சிக்குவாரு."

"அப்ப இந்த சீட்டு ஒயரம்?"

"அது இங்க மிதிக்க வர்ற மீன் விக்கிறவருக்கு வச்சது."

அண்ணி ஐஸோடு வந்து என் காலில் வைத்து அழுத்தினார். "ஒங்க அண்ணன் ஒரு நாளாச்சும் இப்படிக் குதிச்சிருப்பாரா?"

கோப்பிக்கடைக் கதையை அண்ணியிடம் நான் சொல்லவில்லை. சன்னல் வழியே பார்த்தால் எதிர்க்கடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நொண்டிக்கொண்டே போய் மறுபடி ஏறினேன். இந்த முறை மெதுவாக மிதித்தேன், மெதுவாகவே நிறுத்தினேன்.

என் காலைச் சுழற்றியது கனமான ஓர் இரும்புச் சக்கரம். அண்ணன் அந்தச் சைக்கிளில் ஏறியது ஒரே ஒரு நாள்.