துரை பங்களாவின் பதினோராவது ஜன்னல்

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் இருக்கும் பழைய துரை பங்களாவை என் மகள் குத்தகைக்கு எடுத்து விடுதியாக்கினாள். அந்தத் துரை தன் மனைவியை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிக் கொன்றார் என்பது ஊர்ப்பேச்சு. சாயங்காலமானால் வடக்குச் சுவருக்குள் முனகல் கேட்குமாம். இரண்டு சமையல்காரர்கள் ஓடிவிட்டார்கள்.

"மூணாவது ஆளும் போனா, சாவியைக் குடுத்துட்டு போடியில நம்ம வீட்டுக்கே வந்துர்றேன்ப்பா" என்று போனில் அழுதாள். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஆனாலும் ஜீப் ஏறினேன்.

அன்று மாலை சுவரில் காதை வைத்தேன். முனகல் உண்மைதான். வெளியே ஓடிவந்தவன், பதற்றம் தணிய வழக்கம்போல் ஜன்னல்களை எண்ணினேன். பதினொன்று. உள்ளே போய் எண்ணினால் பத்துதான்.

"அப்பு, எண்ணுறதைத் தவிர வேற சோலியே இல்லையா?" என்று ஜீப் டிரைவர் சிரித்தார்.

"சிரிக்காம, காலையில வெரசா ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டு வாப்பா."

மறுநாள் கொத்தனார் சாமி கும்பிட்டுவிட்டு வடக்குச் சுவரில் நான்கு செங்கல்லை உருவினார். உள்ளே சின்ன அறை. ஓர் எலும்புகூட இல்லை. உடைந்த பதினோராவது ஜன்னல் வழியே புகுந்த தேனீக்கள் பழைய அலமாரி முழுக்க அடை கட்டி இரைந்துகொண்டிருந்தன! என்னை ஏழு இடத்தில் கொட்டின. வலியே தெரியவில்லை.

"ஆத்தா, ஒங்க பேய் தேனுல்ல குடுக்குது!" என்று டிரைவர் என் மகளிடம் கத்தினார்.

மூன்றாவது சமையல்காரர் போகவில்லை. அந்தத் தேனோடுதான் காலைத் தோசை பரிமாறுகிறார். நானும் இப்போதெல்லாம் எந்த வீட்டைப் பற்றி யார் என்ன கதை சொன்னாலும், வெளியே ஒரு சுற்று வந்து ஜன்னல்களை எண்ணிய பிறகே பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.