ஆர்லிஸை எத்தனை தடவை கேட்டாய்?

என் நாத்தனார் ஆர்லிஸுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் கொதிக்கிற எண்ணெய் முழங்கை வரைக்கும் கொட்டிய அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஃபோன் செய்து அவள் சொன்னது இதுதான்: "கொஞ்சம் சூடு பட்டிருச்சு லொரெட்டா. அவசரமில்ல. இந்தப் பக்கம் ஏதாவது வேலை இருந்தா அப்படியே எட்டிப் பாரு." அடித்துப் பிடித்து ஓடினால், கையில் தோலே இல்லை. பக்கத்தில் நின்ற நர்ஸும் இந்த ஊர்க்காரிதான். "அவ்வளவு மோசமில்ல," என்கிறாள் அவளும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் உரிந்து கிடக்கிறவளுக்கு, ஐயோ வலிக்கிறதே என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடவா உரிமை இல்லை?

நான் நியூ ஜெர்சிக்காரி. பேயோனில் எங்கள் தெருவில் வலித்தால் கத்துவோம், பசித்தால் கேட்போம், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்வோம். சொல்லி முடித்ததும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கே ராணுவ முகாமில் இருந்த வாரன் டாலஃப்சனைக் கல்யாணம் செய்துகொண்டு, 1971 ஜனவரியில் மினசோட்டாவின் இந்த வடமேற்கு மூலைக்கு வந்து இறங்கினேன். ஹாவ்லண்டில் முப்பத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் என்னைப் பார்த்து, "ஊர் பிடிச்சிருக்கா?" என்று கேட்கிறார்கள்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எல்லோரும் கிளம்புகிறார்கள். ஆர்லிஸின் கார் குளிரில் விறைத்துப் போய்க் கிளம்பவில்லை. நான் கண்ணாடியை இறக்கி, "வர்றியா, வீட்ல விட்டுடறேன்," என்றேன். "வேணாம் வேணாம், உனக்கு எதுக்குச் சிரமம். நடந்துடுவேன்," என்றாள். சரி என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டேன். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி, ஆளைத் தள்ளுகிற காற்று வேறு. அவள் ஒன்றரை மைல் நடந்தாள். இடது காதின் நுனி கறுத்துப்போய், பிறகு அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

வாரன் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியது அந்த ஒரு நாள்தான். "அவ வேணாம்னா விட்டுட்டு வந்துடுவியா?" என்றான்.

"அவதானே சொன்னா. நான் கேட்டேன் வாரன்."

"ஒரு தடவை கேட்டா கேட்டதாவே கணக்கில்ல. முதல் தடவை சரின்னு சொன்னா அது அலையறது. ரெண்டாவது தடவையும் வேணாம்பாங்க. மூணாவது தடவை கேக்கணும். அப்பத்தான் நீ நிஜமாவே கேக்கறேன்னு அவங்களுக்குத் தெரியும். இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

அழுதேன். அழுது முடித்துக் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் காபி வேண்டுமா என்பதை மூன்று தடவை, இன்னொரு துண்டு கேக் வேண்டுமா என்பதை மூன்று தடவை. நாய்க்குச் சோறு வைக்கும்போதுகூட மூன்று தடவை கேட்கிறேன் என்று வாரன் கேலி செய்வான். இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்லிஸ் எப்படிப்பட்டவள் தெரியுமா? முப்பத்தோரு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப் போட்டவள். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எந்தப் பிள்ளை வீட்டில் காலையில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளைக்கு, "இது மீந்து போச்சு, நீ சாப்பிட்டா எனக்கு உதவியா இருக்கும்," என்று இன்னொரு கரண்டி சூப் ஊற்றுவாள். இந்த ஊரிலேயே அழகான பொய் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொல்ல மட்டும் வாய் வராது. நாக்கில் பூட்டுப் போட்டு வளர்த்திருக்கிறார்கள்.

அதற்கு அவள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை. 1973 ஆகஸ்டில் கோதுமை அறுவடைக்காக டெக்ஸாஸிலிருந்து இயந்திரங்களோடு ஒரு கூட்டம் வந்தது. அதில் க்ளோவிஸ் ஹார்டவே என்று ஒருவன். நெட்டை, வாய் ஓயாதவன். பத்து வயதுப் பெண்ணைக்கூட 'மேம்' போட்டுக் கூப்பிட்டுத் தொப்பியைத் தொடுவான். ஆர்லிஸ் ருபார்ப் தண்டை வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, "மேம், எங்கம்மா கையால சாப்பிட்டதுக்கப்புறம் இதுதான்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். இங்கே யாரும் சாப்பாட்டை அப்படிப் புகழ மாட்டார்கள், "பரவாயில்ல" என்றால் அதுதான் உச்சம். ஆர்லிஸின் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது.

பத்து நாள் வேலை. கடைசி நாள் சாயங்காலம் பின்கட்டுப் படியில் நின்று, என்னைக் கட்டிக்கிறீங்களா என்று கேட்டேவிட்டான். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, உங்களுக்கு என்னைவிட நல்ல பொண்ணாக் கிடைக்குமே," என்றாள் ஆர்லிஸ்.

"சரிங்க மேம்," என்று அவன் தொப்பியைத் தலையில் வைத்தான். "தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க."

போய்விட்டான். அவன் ஊரில் ஒரு பெண் மறுத்தபிறகு மேலும் கேட்கிறவன் ஆண்பிள்ளையே இல்லை. இவள் ஊரில் மூன்று தடவை கேட்காதவன் கேட்டவனே இல்லை. மறுநாள் காலை அவள் நீலக் கவுனை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். அவர்களுடைய லாரிகள் விடிவதற்கு முன்பே வடக்கே போய்விட்டிருந்தன. எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து, அட முட்டாளே, இன்னும் ரெண்டு தடவை கேளுடா என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவனுக்குத் தெரியாது.

பத்து வருஷம் கழித்து என் மாமியார் போர்கில்டுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. இருபது வருஷம் படுக்கை. பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன் குளிப்பாட்டுவது, வந்தபின் ஊட்டுவது, பனி கொட்டினால் டாக்டர் வருவதற்காக விடியற்காலையிலேயே வழியை வெட்டி வைப்பது, எல்லாம் ஆர்லிஸ்தான். வாரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, "எப்படி இருக்கு?" என்பான். "பரவாயில்ல," என்பாள். அவன் காபி குடித்துவிட்டுக் கிளம்புவான்.

போன ஏப்ரலில் மாமியார் போய்ச் சேர்ந்தாள். உயில் 1968இல் எழுதியது. ஆர்லிஸ் எப்படியும் கல்யாணம் ஆகிப் போய்விடுவாள் என்று நினைத்து, வீட்டை மகன் பேருக்கு எழுதியிருந்தாள். அதற்கப்புறம் அந்தத் தாளை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆர்லிஸாவது சொன்னாளா, அவள் எங்கே சொல்லப்போகிறாள்.

செப்டம்பரில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது வாரன் சாதாரணமாகச் சொன்னான். மினியாபொலிஸ்காரர் ஒருவர் அந்த வீட்டை வாங்கிக்கொள்கிறாராம், வேட்டை சீசனில் வந்து தங்குவதற்கு. அதை விற்று அரிசோனாவில் ஒரு சின்ன வீடு. அங்கே ஜனவரியிலும் சட்டையோடு நடக்கலாம்.

பொய் சொல்லமாட்டேன், அரிசோனா என்றதும் எனக்கு உள்ளே இனித்தது. முப்பத்திரண்டு குளிர்காலம் பார்த்தவள் நான். அப்புறம்தான் உறைத்தது.

"ஆர்லிஸ் எங்க போவா?"

"டவுன்ல அபார்ட்மெண்ட் பாத்துட்டா. அவளுக்கு வீடு வேணாமாம். நான் கேட்டேன்."

"எப்பக் கேட்ட?"

"அம்மா அடக்கத்தன்னிக்கு. சர்ச்ல, சாப்பாடு முடிஞ்சதும்."

"எத்தனை தடவை கேட்ட?"

வாரன் ரொட்டியில் வெண்ணெய் தடவினான். மூலைவரைக்கும் பொறுமையாகத் தடவினான்.

"வாரன், எத்தனை தடவை?"

"அவ வேணாம்னா. வளர்ந்த மனுஷி. அவ வார்த்தையை நான் மதிக்கணுமில்ல?"

பாருங்கள், எப்படி மதிக்கிறான் என்று. பக்கத்து வீட்டுக்காரன் ஏணி இரவல் வேண்டாம் என்றால்கூட மூன்று தடவை கேட்கிறவன். சொந்த அக்காவின் கூரை விஷயத்தில் மட்டும் திடீரென்று என்னைப் போல் ஜெர்சிக்காரன் ஆகிவிட்டான். அந்த டெக்ஸாஸ்காரன் தெரியாமல் போனான். இவன் தெரிந்துகொண்டே, அவள் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று தெரிந்துகொண்டே, ஒரு தடவை கேட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான். திருட்டுக்கு எங்கள் ஊரில் முகமூடி போடுவார்கள். இங்கே மரியாதையைப் போட்டுக்கொள்கிறார்கள். நான் தட்டைத் தொட்டியில் போட்ட வேகத்தில் அது இரண்டாகப் போனது.

நேரே ஆர்லிஸிடம் போனேன். வருஷா வருஷம் தோட்டத்துக் காய்களைப் போட்டு வைக்கிற ஜாடிகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வீடு உனக்கு வேணுமா, வேணாமா? ஒரே வார்த்தை சொல்லு, போதும்."

"ஒத்தை ஆளுக்குப் பெரிசு இது. அபார்ட்மெண்ட்ல துணி துவைக்கற மெஷின் கீழேயே இருக்காம்."

"மெஷினைப் பத்தி யார் கேட்டா? வேணுமா?"

"நீ உக்காரு லொரெட்டா. காபி போடறேன்."

இன்னும் இரண்டு தடவை கேட்டேன். பலன் இல்லை. நான் கேட்டு என்ன ஆகப்போகிறது, வீடு என்னுடையதா? கேட்க வேண்டியவன் கேட்க வேண்டும். அவள் அறையையும் காலி செய்து வைத்திருந்தாள். அறுபத்தொரு வயதில், பிறந்த அறையை.

பத்திரம் எழுதுகிற நாள் வந்தது. வக்கீல் ஆஸ்ட்பியின் ஆபீஸ். வாங்குகிறவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். வாரன் போட வேண்டும். இந்த மாநிலச் சட்டப்படி அவனைக் கட்டியவள் என்பதால் நானும் போட வேண்டும். அங்கே குடியிருக்கிறவள் என்பதால், காலி செய்கிறேன் என்று ஒரு தாளில் ஆர்லிஸும் போட வேண்டும். சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாரன் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினான்.

"அவளைக் கேளு," என்றேன்.

"கேட்டாச்சு லொரெட்டா."

"ஒரு தடவை. மறுபடி கேளு."

வக்கீல் கூரையைப் பார்த்தார். அவரும் இந்த ஊர்க்காரர், அவருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. வாரனின் கழுத்து சிவந்தது.

"ஆர்லிஸ், உனக்கு வீடு வேணாம்தானே? அபார்ட்மெண்டுக்கு அட்வான்ஸ்கூடக் குடுத்துட்டியே?"

கேட்கிற லட்சணத்தைப் பாருங்கள். ஆர்லிஸ் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குள்ள எதுக்குச் சண்டை. எனக்கு எங்கன்னாலும் சரிதான்," என்றாள்.

"போதுமா?" என்றான் வாரன் என்னிடம்.

"அது ரெண்டு," என்றேன்.

பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. நான் காத்திருந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை, நாலே நாலு வார்த்தை. முப்பத்திரண்டு வருஷம் இவனோடு படுத்து எழுந்தவள், இவன் கேட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். வாரன் பேனாவை எடுத்து என் விரல்களுக்கு நடுவில் வைத்தான்.

"போடு. வெளியாள் முன்னாடி மானத்தை வாங்காத."

"மாட்டேன்," என்றேன். "எங்க ஊர்ல மாட்டேன்னா மாட்டேன்தான். மூணு தடவை கேட்டுப் பாக்காத, வாரன். அரிசோனாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் போடமாட்டேன்."

அவன் வக்கீலைப் பார்த்தான். அவர் தாள்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தார். என் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டின் ஒரு ஆணியைக்கூட விற்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"அவளே வேணாங்கறா," என்றான் வாரன். "ஏப்ரல்லயே சொன்னா. நான் கேட்டேன். கேக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது."

அப்போதுதான் ஆர்லிஸ் தலை நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். சத்தமாகப் பேசவில்லை, அவளுக்கு அது வராது.

"கேட்ட, வாரன். கோட்டைப் போட்டுக்கிட்டே கேட்ட, வாசல்ல கார் ஓடிட்டிருந்துச்சு. சரி, அவசரத்துல இருக்கான், அப்புறமா ஃபோன் பண்ணிக் கேப்பான்னு நினைச்சேன். அன்னியிலேருந்து தினமும் ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். தோட்டத்துக்குப் போனா மணி காதுல விழாதுன்னு, இந்த வருஷம் ஒரு செடிகூட நடல."