பாட்டு இல்லாத வீடியோக்கள்

கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த பிறகுதான் பாத்திரத்தில் கைவைப்பாள். பதினாறு வயது. பல் விளக்குவது, சாக்ஸுக்கு ஜோடி தேடுவது, பேருந்துக்கு ஓடுவது எல்லாமே வீடியோ. வீட்டில் அவள் பெயர் ‘நிருபர்’. வைத்தது அம்மா. “நிருபரம்மா, செய்தி முடிஞ்சுதுன்னா துணியக் கொஞ்சம் காயப் போடுறீங்களா?” என்று தையல் மெஷினை மிதித்தபடியே கேட்பாளாம். அந்தக் குரல் எந்த வீடியோவிலும் இல்லை.

அப்போதெல்லாம் நிருபர் வீடியோவின் சொந்தச் சத்தத்தை அணைத்துவிட்டு மேலே ஒரு பாட்டைப் போடுவாள். மெஷினின் கடகடப்பும் அம்மாவின் வசவும் படத்தைக் கெடுக்கின்றன என்பது அவள் கட்சி. இணையத்தில் ஏற்றிய கையோடு, எடுத்த மூலத்தை அழித்தும் விடுவாள். கைப்பேசியில் இடம் கிடையாது. அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. எல்லா வீடியோவிலும் அம்மா வாயசைக்கிறாள், யாரோ பாடுகிறார்கள்.

“நல்லவேளை, வீடியோவாவது இருக்கேடி” என்று துக்கம் விசாரிக்க வந்த சித்தி கன்னத்தைத் தடவினாள். அந்தக் கையைத் தட்டிவிட்டாள் நிருபர். “எதுல இருக்காங்க சித்தி? ஒரு வார்த்தை காட்டுங்க. ஒரே ஒரு வார்த்தை.”

ஒரு வீடியோவில் அம்மா ஊசியில் நூல் கோத்துவிட்டு, கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவிடம் அதைக் காட்டினாள்.

“என்ன சொல்லியிருப்பா, போய்க் குளிடின்னுருப்பா.”

“குளிக்கச் சொல்றதுக்கு எதுக்குச் சிரிக்கணும்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க!”

இப்போது அவள் பாட்டே போடுவதில்லை. குழாய் சொட்டுவதும் கதவு கிறீச்சிடுவதும் அப்படியே ஏறுகின்றன. “குக்கர் விசிலெல்லாம் எவடி பாக்கப் போறா?” என்று கேட்ட தோழியோடு பேச்சு நின்றுவிட்டது. பார்ப்பவர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். போய்த் தொலையட்டும் என்கிறாள். அப்பாவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அம்மா போனதிலிருந்து அவர் எதற்கும் தலையாட்டுவதோடு சரி. “நீங்களும் ஊமைப் படமாவே போயிடுங்க!” என்று ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

நேற்றுக் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது ஸ்பேனரைக் காணவில்லை. கட்டிலுக்கடியிலும் அலமாரியிலும் குடைந்தார். அவர் பின்னாலேயே கைப்பேசியும் போனது. கடைசியில் ஜன்னலோரம் பார்த்தவர் வெடித்தார்.

“ஜன்னலுக்கு முட்டுக் குடுக்க என் ஸ்பேனர்தான் கெடச்சுதா? எடுத்தத எடுத்த எடத்துல வைக்கத் துப்பில்ல! எப்பப் பாரு போனு, போனு! எல்லாம் உங்கம்மா குடுத்த செல்லம்!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நிருபர் ஸ்பேனரை எடுத்துத் தரவில்லை. கைப்பேசியை அவர் வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.