எதிரணியிலிருந்து வந்தவர்

அறுபதுகளில் ஒருநாள், தங்கவயல் மைதானத்தில் இந்தியாவும் இலங்கையும் ரக்பி ஆடின. சுரங்கத்தில் என்னோடு வேலை செய்த பெருமாளும் நானும் போயிருந்தோம். 'ஸ்க்ரம்' என்று இரு அணியும் தோள்கொடுத்து முட்டித் தள்ளியதில் நம் வீரர் ஒருவருக்குத் தோள் இறங்கிவிட்டது. மாற்று ஆள் இல்லை.

"இன்னா ஆட்டம் இது! நாட்டு மானமே போச்சு," என்றான் பெருமாள்.

அப்போது இலங்கை வீரர் ஒருவர் தங்கள் கேப்டனிடம் பேசிவிட்டு, நம் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"உட்டுக் குடுப்பாரு, பாரு," என்றான் பெருமாள்.

விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த ஸ்க்ரமில் அவர் தள்ளியதில் அவருடைய அணியே பின்வாங்கியது. பெருமாள் எழுந்து, "தள்ளுங்கண்ணா!" என்று கத்தினான். நானும் கத்தினேன்.

ஆட்டத்தில் தோற்றோம்.

"யாருக்காக இப்படித் தொண்ட கட்டிக்கினு வந்தீங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"இலங்கைக்காரர் ஒருத்தருக்கு," என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.