மாத்தறை வைரத்தோடு

புல்மோட்டை மணல் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் நஜ்முன் நிஸாவுக்கு ஏழு வருடமாக ஒரே வேலை. கடற்கரையிலிருந்து வரும் கறுத்த மணலில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தட்டில் தூவி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, எந்த மணி எத்தனை என்று எண்ணிக் கொப்பியில் எழுதுவாள். கறுப்பாக இருப்பது இல்மனைற். செம்மண் நிறம் ரூட்டைல். நிறமே இல்லாமல் பளிச்சென்று தெரிவது சிர்கோன்.

ஊரில் அவளுக்கு 'மணல் எண்ணுற புள்ள' என்று பெயர். கிணற்றடியில் யாராவது கேட்பார்கள்:

"என்ன நிஸா, கடற்கரைய எண்ணி முடிச்சாச்சா?"

"இன்னும் ரெண்டு சாக்குக் கிடக்கு லாத்தா. நீங்களும் வாங்களன், கெதியா முடிச்சிருவம்."

சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனாலும் அந்தப் பெயர் எங்கோ குத்திக்கொண்டுதான் இருந்தது. இருபத்தெட்டு வயதாகிவிட்டது. வந்த மூன்று சம்பந்தமும் 'வேலையை விட வேணும்' என்ற இடத்தில் நின்றுபோயின. எழுபத்தொன்பதாம் ஆண்டு நாலாவதாக வந்தது கிண்ணியா மாப்பிள்ளை. பெயர் ஸெய்னுதீன், துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். அவர் சொல்லியனுப்பிய வார்த்தை ஒன்றே ஒன்று: 'அவ வேலைய விடத் தேவையில்ல.'

அந்த ஒரு வசனத்துக்காகவே நிஸா அந்த ஆளை விரும்பினாள். நேரில் பார்த்தது ஒரு தடவைதான்.

ஆனால் மாப்பிள்ளையின் தாய் றுக்கியா உம்மாவுக்கு வேறு கணக்கு இருந்தது. "வேலைக்குப் போற புள்ள. நாலு பேர் பாக்குற காது. வைரத்தோடு போடாட்டிச் சரிவராது" என்று தரகரிடம் சொல்லிவிட்டார். அது இல்லையென்றால் தேதி குறிக்க வரமாட்டாராம்.

"வேலைக்குப் போறதுக்குத் தண்டமா அந்தத் தோடு?" என்று நிஸா கொதித்தாள்.

"தண்டமோ கிண்டமோ, ரெண்டு காதுக்கும் வேணும். வெளிக்கிடு" என்றாள் அவளுடைய உம்மா, ஆமினா உம்மா.

முதல் பஸ்ஸில் ஏறினார்கள். யான் ஓயா ஆற்றில் பஸ்ஸைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி அக்கரை கொண்டுபோக, கீழே இறங்கி நின்று தண்ணீரைப் பார்த்தாள் நிஸா. ஏழு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் உம்மாவின் இடுப்பில் இருந்தது. குச்சவெளி, நிலாவெளி எல்லாம் கடந்து திருகோணமலை நகரத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது.

சோமசேகரத்தின் நகைக்கடை சந்தைக்குப் பக்கத்தில். உம்மாவைக் கண்டதுமே அவர் உசாராகிவிட்டார். காரணம் இருந்தது. ஆமினா உம்மாவுக்குப் பவுனில் கண் கூர்மை. உரைகல்லில் தேய்த்த கோட்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தே, எவ்வளவு செம்பு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

"இருபத்திரண்டு கரட் அக்கா, சுத்தம்" என்று தோட்டை நீட்டினார் சோமசேகரம்.

உம்மா வாங்கி உள்ளங்கையில் எறிந்து பார்த்தாள். "இது அடைச்ச தோடு. கல்லுக்குக் கீழ அரக்கு வச்சிருக்கிறீங்க. அரக்கையும் பவுன் விலைக்குத்தான் நிறுப்பீங்களா?"

"ஐயோ அக்கா, உங்களோட ஏலாது."

"கல்லுப் பதிக்காத கூட்டை முதல்ல நிறுங்க. அடி திறந்த கூடா இருக்கவேணும். பொறகு கல்லை வைங்க."

அவர் பதிக்காத கூட்டை எடுத்து நிறுத்தார். உம்மா உரைத்துப் பார்த்து, தராசின் முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, கடைசியில் தலையாட்டினாள். பவுன் விஷயம் முடிந்தது. சோமசேகரம் வெல்வெட் துணியில் இரண்டு கற்களை வைத்தார். கடைக்குள் வந்த கொஞ்ச வெளிச்சமும் அதற்குள் போய்க் குடியிருந்ததுபோல மின்னியது.

"வைரம். ரெண்டும் ஒரே அளவு, ஒரே வெட்டு. உங்களுக்காக விலையைக் குறைச்சுச் சொல்லுறன்."

குறைத்துச் சொன்ன விலை, இடுப்பில் இருந்த பணத்துக்குச் சரியாக வந்தது. உம்மாவின் முகம் மலர்ந்தது. பவுனில் செம்பைக் கண்டுபிடிக்கிற உம்மா, கல்லை வெறும் மினுக்கத்தைப் பார்த்து நம்பினாள். நிஸாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கைப்பையில் கிடந்த மடக்குப் பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஆய்வுகூடத்தில் பெரிய மணிகளைப் பார்க்க வைத்திருப்பது.

கல்லை நேராகப் பிடித்து, மேல் முகத்துக்குள்ளால் அடியில் சந்திக்கிற ஓரங்களைப் பார்த்தாள். ஒழுங்காகத்தான் இருந்தன. கொஞ்சம் சரித்தாள். ஒவ்வொரு ஓரமும் இரண்டாகப் பிரிந்தது, பக்கத்தில் பக்கத்தில் இரட்டைக் கோடு. இன்னும் திருப்பினாள். அங்கும் இரண்டு. வைரத்துக்குள்ளால் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஒரு கோடு ஒரு கோடுதான். இரண்டாகக் காட்டுவது எது என்று அவளுக்கு ஏழு வருடமாகத் தெரியும்.

"இது சிர்கோன்."

சோமசேகரம் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "மாத்தறை வைரம் எண்டு சொல்லுறது தங்கச்சி. அதுவும் வைரம்தானே?"

"நாங்க இதைச் சாக்கில கட்டிக் கப்பலேத்துறம். மணலாப் போகக்குள்ள சிர்கோன், உங்கட கடைக்குள்ள வந்தா வைரமா?"

அவர் கோபிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கடதாசி மடிப்பை எடுத்து வந்து விரித்தார். மிளகில் பாதி அளவில் ஒரு கல். நிஸா எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓரம் ஒன்றாகவே நின்றது. மெல்லிய மஞ்சள் ஓடிய, உள்ளே ஒரு புள்ளியும் உள்ள கல். ஆனால் வைரம். அந்த ஒன்றின் விலையே ஏழு வருடத்தைத் தாண்டியது.

"இப்ப சொல்லுங்கோ" என்றார் சோமசேகரம். "இந்தத் துறைமுகத்தில பாதிக் கலியாண வீட்டில மின்னுறது மாத்தறைக் கல்லுத்தான். ஒருத்தரும் கண்ணாடி வச்சுப் பாக்கிறேல்ல. நீங்கள் மட்டும் ஏன் பிள்ளை?"

அந்தக் கேள்வி அவளைக் கொஞ்சம் உலுக்கியது. தான் உண்மைக்காக நிற்கிறாளா, அல்லது ஏழு வருடம் கேட்ட கிண்டலுக்கெல்லாம் இந்த மனிதரிடம் பழி தீர்க்கிறாளா? அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் அந்தக் கல் அழகாக இருந்தது, அதை மறுக்க முடியவில்லை. பொய் கல்லில் இல்லை, அதன் பெயரில்தான் இருந்தது.

"இதையே தாங்க. பற்றுச்சீட்டில சிர்கோன் எண்டு எழுதி, சிர்கோன் விலை போடுங்க."

விலை கால்வாசியாக இறங்கியது. உம்மாவுக்கு வாயெல்லாம் பல். பஸ்ஸில் ஏறியதும் மகளின் காதோடு சொன்னாள்: "அல்லாஹ் தந்த மூளை உனக்கு. இனி வாயை மட்டும் மூடிக்கொண்டிரு. ஆரும் கேட்டா வைரம்."

"கேட்டா சிர்கோன் எண்டுதான் சொல்லுவன்."

"சம்பந்தம் போயிரும் புள்ள!"

"தெரியும்."



அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஆண்கள் முன் விறாந்தையில். பெண்கள் உள்ளறையில் பாயில் அமர்ந்தார்கள். றுக்கியா உம்மா பெரிய உடம்பு, பெரிய குரல். காதில் அவருடைய தோடு, நாற்பது வருடத்துக்கு முந்தியது. வந்ததிலிருந்து அதைத் தொட்டுத் தொட்டுத்தான் கதைத்தார். நிஸாவின் காதைப் பிடித்துத் திருப்பினார்.

"மாஷா அல்லாஹ். நல்ல வைரம். என்ன விலை?"

ஆமினா உம்மா வெற்றிலைத் தட்டைப் பார்த்தாள். 'அவ வேலைய விடத் தேவையில்ல' என்ற அந்த வசனம் ஒருதரம் மனதில் வந்து போனது.

"வைரமில்ல மாமி. சிர்கோன். மாத்தறை வைரம் எண்டு விக்கிறது. பவுன் இருபத்திரண்டு கரட்."

றுக்கியா உம்மாவின் குரல் எழுந்தது. "நான் கேட்டது வைரம்! ஆரை ஏமாத்தப் பாத்தீங்க?"

"ஏமாத்தியிருந்தா வைரமெண்டுதானே சொல்லியிருப்பன் மாமி?"

"வாயைப் பாரு! வைரம் எண்டா என்னெண்டு தெரியுமா உனக்கு? இந்தா, இது வைரம். மணல் எண்ணுற கண்ணால நல்லாப் பாரு!" திருகாணியைக் கழற்றி ஒரு காதுத் தோட்டை அவள் மடியில் போட்டார்.

நிஸா கண்ணாடியை எடுத்தாள். தோட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஓரங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. வைரம் நாற்பது வருடத்தில் தேயாது. சரித்தாள். இரண்டு இரண்டாகக் கோடுகள்.

எல்லாக் கண்களும் அவள் வாயில் இருந்தன. சொன்னால் ஒரு கிழவியின் நாற்பது வருடம் இந்தப் பாயில் கொட்டுண்டு போகும். சொல்லாமல் விட்டால், கொஞ்சம் முந்தித் தன் காதுக்குச் சொன்ன உண்மைக்கு அர்த்தமில்லை. தோட்டையும் கண்ணாடியையும் சேர்த்து நீட்டினாள்.

"நீங்களே பாருங்க மாமி. முதல் என்டதைப் பாருங்க, பிறகு உங்கடதை."

தன் தோட்டில் ஒன்றையும் கழற்றிக் கொடுத்தாள். றுக்கியா உம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிஸா காட்டியபடி சரித்துச் சரித்து நெடுநேரம் பார்த்தார். பார்த்து முடிந்தும் கண்ணாடியை இறக்கவில்லை. பிறகு தன் தோட்டை எடுத்துக் காதில் போட்டு, திருகாணியை இறுக்கினார்.

"பவுன் நல்ல பவுன்தானே?"

ஆமினா உம்மா எட்டிப் பார்த்து, அன்று முதல்தடவையாக வாயைத் திறந்தாள். "அந்தக் காலத்துப் பவுன் மதினி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

றுக்கியா உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டுக்கொள்ளுங்க எல்லாரும். ஸெய்னுதீன்ட வாப்பா தந்த நாள்ல இருந்து இதை வைரமெண்டுதான் போட்டனான். மவுத்தாகிற வரைக்கும் வைரம்தான். எந்தக் கண்ணாடியும் எனக்கு வேணாம்."

"சரி மாமி" என்றாள் நிஸா. "என்டது சிர்கோன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். எவரும் முதலில் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் றுக்கியா உம்மா விறாந்தைப் பக்கம் திரும்பிச் சத்தம் வைத்தார்:

"ஸெய்னுதீன்! அங்க என்ன தூங்குறீங்களா எல்லாரும்? தேதியைக் குறிங்க!"

கலியாணத்துக்குப் பிறகும் மாமியோ அவளோ இறங்கி வரவில்லை. நிஸா தினமும் வேலைக்குப் போனாள், மணலை எண்ணினாள். கிண்ணியாவில் ஏதாவது விசேஷம் என்றால் மாமியும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் அமர்வார்கள். யாராவது தோட்டைப் பற்றிக் கேட்டால் றுக்கியா உம்மாவே முந்திக்கொள்வார்:

"என்டது வைரம். அவள்டது சிர்கோன். நம்பாட்டி அவளைக் கேளுங்க, அவள் பொய் சொல்லமாட்டாள்."

கேட்பவர்கள் நிஸாவைப் பார்ப்பார்கள்.

"ஓம், என்டது சிர்கோன்" என்பாள் அவள். மாமியின் காதைப் பற்றி எவரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கைப்பையைத் திறந்து கண்ணாடியை நீட்டியிருப்பாள். அந்தத் துணிவு ஒருவருக்கும் வரவில்லை.