அல்லிநகரம் ஃபிலிம் ஸ்கூல் ரெஜினா

ரெஜினா இல்லை. காலையில் அவள் தம்பி போன் செய்து சொன்னான்...

நேற்று ராயப்பன்பட்டியில் இருக்கும் வீட்டுக்குப் போகிற வழியில் ஏதோ வண்டி இடித்திருக்கிறது. இடித்த வண்டி நிற்கவில்லை. ஸ்கூட்டி கிடந்த இடத்தில் அவளுடைய கேமரா பை மட்டும் இல்லை.

தெரியாதவர்களுக்காக... அல்லிநகரத்தில் உரக்கடை மாடியில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தும் சின்ன டிஜிட்டல் ஃபிலிம் ஸ்கூல். டைரக்‌ஷன், புரொடியூசிங் அவள். எடிட்டிங் நான்.

கேமராவை வைத்து நகர்த்தும் டிராலி வாங்க வசதி இல்லை. ஒருமுறை ரெஜினா ஜெயமங்கலத்து மாணவி ஒருத்தியிடம், "ஏத்தா, ஒங்கப்பாவ டிராக்டரோட வரச் சொல்லு, அதுல ஏறி ஷாட் எடுப்போம்" என்றாள்.

அந்த அப்பா பவுடர் பூசி, வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். "நானும் படத்துல வருவேன்ல டீச்சர்?" அவருக்காகவே ஒரு ஷாட் கூடுதலாக எடுத்தாள்.

இந்த முறை மாணவர்கள் எடுத்தது, ஆற்றில் மணல் அள்ளுவதைப் பற்றிய டாக்குமெண்டரி. வரும் ஞாயிறு எங்கள் ஹாலிலேயே ஷோ.

போன வாரம், கிளாஸ் நடக்கும்போதே இரண்டு பேர் மாடியேறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சத்தம் போடவில்லை. பாடம் முடிகிறவரை கேட்டார்கள்.

பிறகு ஒருவர் எழுந்தார். "எங்க லாரி நம்பரெல்லாம் படத்துல தெரியுதாமே டீச்சர்?"

"ஞாயித்துக்கெழம வந்து பாருங்க" என்றாள் ரெஜினா.

"வந்துருவோம். நீங்க இருப்பீகள்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் இறங்கிப் போனதும் என் சிஸ்டம் பக்கத்தில் வந்து நின்றாள். "டைட்டில்ல பிள்ளைக பேரப் பூராம் எடுத்துரு. என் பேரு மட்டும் இருக்கட்டும்."

"அதுக எடுத்த படம்ல ரெஜினா?"

"அதுக இங்கனதான பொழைக்கணும்."

திரையில் என் பெயர் மேல் விரல் வைத்தாள்.

"ஒன் பேரும் வேணாம். ஒனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக."

எடுத்துவிட்டேன்...

காலையிலிருந்து மாணவர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஷோ உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "சார், ஸ்கூல் பக்கம் போயிராதீக. கீழ ஒரு லாரி ரொம்ப நேரமா நிக்கிது" என்கிறார்கள்.

நாளை சாயங்காலம் ராயப்பன்பட்டி மாதா கோயிலில் அடக்கத் திருப்பலி. வருகிறவர்கள் தனித்தனியாக வர வேண்டாம்... சேர்ந்தே வாருங்கள்.

போய் வா, ரெஜினா.